மூடாமல் வைத்திருந்த எட்டுக் கண்ணிகள்

1

சென்ற வியாழக்கிழமை, ஸ்காட்லாந்தில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரின் நூலகத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உல்லன் பின்னல் கற்றுக்கொள்ளப் புதிதாக வருகிறவர்களுக்கு ஐந்தாறு எளிய வேலைகளை ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும், போட்டுக்கொண்டு வெளியே போனால் நாலு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்க வேண்டும், செய்கிறவர் பாதியில் ஊசியை வீசிவிட்டுப் போகாதபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

எழுதினேன். தடித்த உல்லனில் கழுத்துத் துண்டு. நடுவில் ஒரு முறுக்கு வைத்த தலைப்பட்டை. விரல் இல்லாத கையுறை. தலை வழியாக மாட்டிக்கொள்ளும் கழுத்து வளையம். கைபேசி வைக்க ஒரு சின்னப் பை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை உருண்டை நூல் வேண்டும், எவ்வளவு தடித்த ஊசி எடுக்க வேண்டும், எந்த இடத்தில் எல்லோரும் தப்பு செய்வார்கள் என்றெல்லாம் எழுதினேன். தப்பு பற்றிய பகுதி மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட நீண்டுவிட்டது. என் சுபாவம் அப்படி.

எங்கள் பின்னல் மேசையை நடத்துகிறவர் மரீன். இருபது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் படித்தார்.

"எல்லாம் சரி, அனு. குழந்தைத் தொப்பி எங்கே? இங்கே எல்லாரும் அதில்தானே ஆரம்பிக்கிறார்கள். நீ பண்ணின அந்த மஞ்சள் தொப்பியை நான் இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

மறந்துவிட்டது என்றேன். மரீன் தன் பேனாவால் கடைசி வரியில் ஒரு கேள்விக்குறி போட்டு, தாளைத் திருப்பித் தந்தார்.

மறக்கவில்லை. மரீனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏன் ஒரு ஜட்டிகூட முன்கூட்டியே வாங்க மாட்டோம் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த ஒரு விஷயத்தை விளக்காமல் பேசலாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

2

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், இரண்டாவது மாடி ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அடையாறில் ஒரு கல்லூரியில் பி.காம். கல்யாணம். மகள் தியாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது என் கணவன் பிரபுவுக்கு இங்கே வேலை கிடைத்தது. கிளாஸ்கோவிலிருந்து அரைமணி நேரம் ரயிலில் வந்தால் எங்கள் ஊர். என் விசாவில் நான் பிரபுவைச் சார்ந்தவள் என்று எழுதியிருக்கும். முதல் வருடம் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்கும். இப்போது பார்ப்பதில்லை.

தியா பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் எனக்குக் கை காலியானது. மழைக்கு ஒதுங்கித்தான் நூலகத்துக்குள் போனேன். மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள், நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. மரீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையில் இரண்டு ஊசிகளைக் கொடுத்துவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஊசியில் ஏறுகிற ஒவ்வொரு நூல் வளையத்தையும் நான் கண்ணி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மெரினாவில் வலை பின்னுகிறவர்கள் சொல்வது அதுதான் என்று ஞாபகம். இருபது கண்ணி போட்டு ஆரம்பித்தேன். ஒரே மாதிரிப் பின்னல், போய்த் திரும்பி, போய்த் திரும்பி. வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். ஆனால் புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். வரிசையின் ஓரத்தில் நூலை ஊசிக்கு மேலே சுற்றிவிட்டால் ஒரு கண்ணி இரண்டாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம். முடிக்கும்போது முப்பத்தொன்று இருந்தது. துண்டு மீன் வால் மாதிரி விரிந்துகொண்டே போயிருந்தது. பிரித்துவிடட்டுமா என்று நான் மூன்று வாரம் கேட்டேன். "யாராவது கேட்டால் டிசைன் என்று சொல்" என்றார் மரீன்.

அந்த மீன் வாலை அப்பாவுக்கு அனுப்பினேன். மார்கழி காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகும்போது அப்பா மங்கி குல்லா போடுகிறவர். இப்போது குல்லாவுக்கு மேல் துண்டையும் சுற்றிக்கொண்டு போனார். அம்மா வீடியோவில் சொன்னாள்: "இருபத்தி நாலு டிகிரிக்கு இந்த வேஷம். நேத்து மேல் வீட்டுக்காரர் கேக்கறாரு, சார் காஷ்மீர் டூர் போறீங்களான்னு. என் மானம் போகுது அனு. இன்னொண்ணு அனுப்பிடாத."

என் தங்கை வித்யா அப்படி இல்லை. தி. நகரில் ஒரு வங்கியில் வேலை. என்னைவிட நாலு வயது சின்னவள், ஆனால் எது போட்டால் எது பொருந்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். முறுக்கு வைத்த தலைப்பட்டையின் படம் பார்த்ததும் அன்றைக்கே கூப்பிட்டாள்.

"அக்கா, அத எனக்கு போடு. மெரூன்ல. காட்டன் சாரிக்கு மேல அத மாட்டிக்கிட்டு போனா பிராஞ்சே திரும்பி பாக்கும்."

"மெட்ராஸ் வெயில்ல உல்லன்லயாடி?"

"வெயில் எங்க இருக்கு? காலைல ஒம்பதுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஏசிக்கு நேர் கீழ உக்காந்திருக்கேன். உன் ஸ்காட்லாந்த விட எங்க பிராஞ்ச் குளிரும்."

தலைப்பட்டை போயிற்று. பிறகு விரல் இல்லாத கையுறை கேட்டாள், கீபோர்டு தட்டுவதற்கு. அதுவும் போயிற்று. அவளுடைய மேனேஜர் மேடம் தனக்கும் ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டாராம். பின்னல் என்பது எனக்கு வித்யாவோடு பேசுவதற்கு ஒரு காரணமாக ஆகிவிட்டது. ஊரை விட்டு வந்த பிறகு பேசுவதற்குக் காரணம் தேவைப்படும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாப்பிட்டாயா, மழையா, தியா என்ன பண்ணுகிறாள் என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துவிடும் பேச்சு, நிறம், அளவு, மாடல் என்று அரைமணி நேரம் ஓடியது.

3

வித்யாவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் கரு தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு என்னால் போக முடியவில்லை. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தோம். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வீடியோவில் பார்த்தேன். யாரோ கைபேசியைச் சந்தனக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பாதி நேரம் கூரை விசிறி தெரிந்தது.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, கை நிறைய வளையலோடு வித்யா என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, குட்டிக்கு ஒரு தொப்பி போடேன். காது மூடற மாதிரி. மேல ஒரு பந்து வெச்சு. கடுகு மஞ்சள் கலர்."

பிறந்த குழந்தைகளைக் கூடையில் படுக்கவைத்துப் படம் எடுக்கிறார்களாம், இப்போது சென்னையில் அதுதான் வழக்கமாம். ஒரு மாதிரிப் படமும் அனுப்பினாள். அடையாறில் யாரோ ஒரு குழந்தை, முட்டைக்குள் இருப்பது மாதிரி சுருண்டு, தலையில் உல்லன் தொப்பியோடு.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னது தொப்பி?"

"ஒண்ணும் இல்லம்மா."

அம்மா கைபேசியை வாங்கிக்கொண்டாள். "அனு, உனக்கு நான் சொல்லித் தரணுமா? தியாவுக்கு நாம ஏதாவது வாங்கினோமா முன்னாடி? அப்பாவோட பழைய வேட்டிய கிழிச்சு தொவச்சு வெச்சேன், அவ்ளோதான். மொதல்ல நல்லபடியா பொறக்கட்டும். அப்புறம் நீ ஒரு பொட்டி நிறைய அனுப்பு."

"சரிம்மா."

"சரின்னு சொன்னா போதாது. பண்ணாத."

"பண்ணல."

நான் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அம்மா சொன்னதை நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை என்பேன். செய்யாமல் இருந்தேனா என்றால் அதுவும் இல்லை.

குழந்தைத் தொப்பி எப்படிச் செய்வது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. ஒரு வயரால் இணைத்த இரண்டு ஊசிகளில் எழுபத்திரண்டு கண்ணி போட்டு வட்டமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். முதலில் அது ஒரு குழாய்தான். தலை உயரத்துக்கு வந்ததும் இரண்டு இரண்டு கண்ணியாகச் சேர்த்துக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். கடைசியில் எட்டுக் கண்ணி நிற்கும். நூலை அறுத்து, தையல் ஊசியில் கோத்து, அந்த எட்டுக்குள்ளும் நுழைத்து இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும். இரண்டு சாயங்கால வேலை. புதியவர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது, ஏனென்றால் அந்த ஒரு இழுப்பில் கையில் இருப்பது சட்டென்று தொப்பியாக மாறிவிடும்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எட்டுக் கண்ணி வரைக்கும் பின்னுவது. அதோடு நிறுத்திவிடுவது. எட்டையும் ஒரு சிவப்பு நூலில் கோத்துவைப்பது. உச்சியில் ஓட்டை இருக்கிறவரை அது தொப்பி இல்லை. தொப்பி இல்லையென்றால் நான் குழந்தைக்கு எதுவும் செய்யவில்லை. பிறந்த செய்தி வந்ததும் இழுத்து மூடி அனுப்பிவிடலாம். அம்மாவிடம் பண்ணவில்லை என்று சொன்னதும் பொய் ஆகாது.

பி.காம். படித்தவள் இப்படி யோசிப்பாளா என்று நீங்கள் நினைக்கலாம். யோசித்தேன். மரீனிடம் காட்டியபோது, "ஏன் மூடவில்லை?" என்று கேட்டார். எங்கள் ஊரில் இப்படித்தான் என்றேன். எங்கள் ஊரில் யாரும் இப்படிச் செய்வதில்லை. நானாகச் செய்துகொண்ட சம்பிரதாயம் அது.

4

பிரபுவின் அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்தோடு சென்னை போனார். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு யார் ஊருக்குப் போகிறார்கள் என்ற செய்தியைப் போல ஒன்று கிடையாது. முழங்கால் வலி மாத்திரை, சாக்லேட், ஒரு பழைய கைபேசி என்று ஒரு கிலோ சேர்த்தேன். அவரை விட்டால் அடுத்த ஆள் கிறிஸ்துமஸுக்குத்தான். அதற்குள் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிவிடும், தொப்பி சிறியதாகிவிடும். வித்யாவுக்கு அப்போது முப்பத்து நாலாவது வாரம்.

அவர் வீட்டுக்கு வந்து பொட்டலத்தை எடுத்துக்கொள்ள அரைமணி நேரம்தான் இருந்தது. நான் தொப்பியை உள்ளே வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். எட்டுக் கண்ணியோடு அப்படியே அனுப்பினால் யார் மூடுவார்கள்? வழியில் சிவப்பு நூல் உருவிக்கொண்டால் மொத்தமும் பிரிந்துவிடும். பிரபு வாசலில் இருந்து கத்தினான்: "அனு, வந்துட்டார். ஒரு தொப்பிக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?"

தையல் ஊசியில் நூலைக் கோத்து, எட்டுக்குள்ளும் நுழைத்து, இழுத்தேன். உச்சி மூடிக்கொண்டது. பந்தையும் வைத்துத் தைத்தேன். அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்கு அடியில் வைத்து, வித்யாவுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன்: அம்மா பார்க்காமல் எடுத்துக்கொள்.

அம்மா பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்ததே அம்மாதான். அன்று தொலைபேசியில் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "மாத்திரை வந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூடி போட்டுத்தான் வந்திருக்கு" என்றாள். மாத்திரைப் பெட்டியைச் சொன்னாளா, தொப்பியைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

5

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, தியாவுக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். அப்பா தானாகக் கூப்பிடுகிறவர் இல்லை. முதல் நாள் முழுவதும் குழந்தை அசையவில்லை என்று வித்யாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். துடிப்பு இல்லை. வலி வரவைத்து, விடியற்காலையில் பிறந்தது. ஆண். கொடி சுற்றியிருந்தது, சில சமயம் இப்படி ஆகும், யாராலும் தடுத்திருக்க முடியாது என்று மருத்துவர் சொன்னாராம். அப்பா அதை இரண்டு முறை சொன்னார், மனப்பாடம் செய்த மாதிரி.

அவசரப் பயணத்துக்கு அனுமதி கேட்க இணையத்தில் ஒரு படிவம் இருந்தது. காரணம்: நெருங்கிய உறவினர் மரணம். அடுத்த கட்டம், இறந்தவர் பெயர். அதற்கடுத்தது, பிறந்த தேதி, இறந்த தேதி. எல்லாவற்றையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. பெயர் வைக்கப்படாத ஒருவனுக்கு நான் என்ன எழுதுவது? தங்கை மகன் என்று எழுதிப் பார்த்தேன். பிறந்த தேதியும் இறந்த தேதியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. உதவி எண்ணில் ஐம்பது நிமிடம் இசை கேட்டேன். பிறகு தியாவைக் கோடை முகாமிலிருந்து அழைத்துவரும் நேரமாகிவிட்டது.

நான் போகவில்லை. போயிருக்கலாம், விண்ணப்பம் போனால் போகட்டும் என்று கிளம்பியிருக்கலாம். அக்காமார்கள் அப்படித்தான் கிளம்புவார்கள். ஆனால் பிரபுவின் வேலை, தியாவின் பள்ளி என்று யோசித்தேன். யோசிக்கிறவர்கள் போவதில்லை.

தியாவிடம் சொல்லவில்லை. ஆறு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று இணையத்தில் தேடினேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். நானும் பிரபுவும் அவள் எதிரிலேயே தமிழில் பேசிக்கொண்டோம். வேகமாகப் பேசினால் அவளுக்குப் புரியாது. அவள் மறந்துவிடக் கூடாதே என்று நான் தினமும் கவலைப்பட்ட பாஷையிலேயே அவளுக்குத் தெரியக் கூடாததைப் பேசினோம்.

பத்து நாள் கழித்து வித்யா முதல்முறை வீடியோவில் வந்தாள். தலை வாரியிருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்தாள். மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போது தியா ஓடி வந்து என் மடியில் ஏறினாள். திரைக்கு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில், தெளிவாகக் கேட்டாள்:

"சித்தி, குட்டித் தம்பி அம்மா பண்ணின தொப்பியைப் போட்டுக்கொண்டானா?"

வித்யா அவளைப் பார்த்தாள். திரை இருண்டது.

அதற்குப் பிறகு வித்யா என் அழைப்பை எடுக்கவில்லை.

6

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்குத் தியாவை விட்டுவிட்டு வரும் வழியில் கூப்பிடுவேன். சென்னையில் மதியம். மணி அடித்து அடித்து நிற்கும். அப்புறம் அம்மாவைக் கூப்பிடுவேன்.

"வித்யா எங்கம்மா?"

"உள்ள இருக்கா."

"தொப்பி பத்தி ஏதாவது சொன்னாளா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு அனு."

இல்லை, சொல்லவில்லை என்று அம்மா ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொன்னாள் என்றாவது சொல்லியிருக்கலாம். "எதுக்கு" என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் நாள் முழுவதும் புரட்டுவேன். கொடி சுற்றுவதற்கும் உல்லனுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தவளாகக் காலையில் எழுந்து, தெரியாதவளாக இரவில் படுப்பேன். ஒரு நாள் தியாவின் கம்பளிச் சட்டையில் ஒரு ஓட்டையை அடைக்க நூலை நுழைத்து இழுத்தேன். கை நின்றுவிட்டது. சட்டையை அப்படியே தூக்கிப் போட்டேன். அவள் ஓட்டையோடு பள்ளிக்குப் போனாள். டீச்சர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார்.

வியாழக்கிழமை மேசைக்கும் போகவில்லை. மரீன் வீடு தேடி வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒரு சூப் டப்பாவை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. என் தங்கை என்னை மன்னிப்பாளா, இனி என்னோடு பேசுவாளா? நவம்பர் கடைசியில் விசா வந்தது. டிசம்பர் விடுமுறைக்குத் தியாவை அழைத்துக்கொண்டு நான் சென்னைக்கு ஏறினேன். இருபது மணி நேரப் பயணத்தில் அவளிடம் சொல்ல வேண்டியதை நான் எழுதி எழுதித் திருத்தினேன்.

7

வித்யா அம்மா வீட்டில்தான் இருந்தாள். தியாவைத் தூக்கிக்கொண்டாள், அவளுக்கு எண்ணெய் வைத்து ஜடை போட்டாள், அவளோடு பாண்டி பஜார் போய் வளையல் வாங்கினாள். என்னிடம், "தட்டு எடு", "விசிறி போடு", "வழி விடு." ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. எங்கள் வீட்டில் இரண்டு அறைதான். எந்த நேரமும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவளாகவே, "பீச்சுக்கு வரியா?" என்றாள். தியாவை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். லஸ்ஸிலிருந்து அடையாறு பாலம் வரைக்கும் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா மேடம், ரெண்டு பேரும் சண்டையா? லேடீஸ் ரெண்டு பேர் ஏறி இவ்ளோ அமைதியா வந்து நான் பாத்ததே இல்ல."

"நீங்க ரோட்ட பாத்து ஓட்டுங்கண்ணா" என்றாள் வித்யா.

"ரோட்டத்தான் பாத்துக்கினு கீறேன். காதுக்குத்தான் வேல இல்லாம கீது."

வித்யாவின் வாய் ஓரம் லேசாக இழுத்துக்கொண்டது. சிரிப்பு வரைக்கும் போகவில்லை.

பெசன்ட் நகரில் கூட்டம். சோளம் சுடுகிற புகை. கூட்டத்தைத் தாண்டி, படகுகள் ஏற்றி வைத்திருக்கிற பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தோம். நான் எழுதி வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"வித்யா, அந்தத் தொப்பிய நான் மூடியிருக்கக் கூடாது. அம்மா சொன்னாங்க, நான்தான் கேக்கல. எனக்கு அன்னிக்கே மனசுல..."

"நிறுத்தறியாக்கா?"

நிறுத்தினேன்.

"அம்மாகிட்ட டெய்லி கேட்டல்ல, தொப்பி பத்தி சொன்னாளா, தொப்பி பத்தி சொன்னாளான்னு. எனக்கு கேக்காதுன்னு நெனச்சியா? அம்மா எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாங்க. நம்ம வீடு என்ன அரண்மனையா?"

நான் காலில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

"உன் மேல தப்பு இருக்கா இல்லையான்னு உனக்கு தெரியணும். இல்ல. போதுமா? டாக்டரே சொல்லிட்டாங்க. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிட்டேன், இனிமே நிம்மதியா இரு."

"அப்புறம் ஏன்டி ஃபோன எடுக்கல?"

"எடுத்தா நீ அழுவ. நான் உனக்கு ஆறுதல் சொல்லணும். என்னால முடியல."

சோளக்காரர் எங்களைப் பார்த்து வந்தார். வித்யா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கி தியா கேட்டப்ப நான் கோவத்துல கட் பண்ணேன்னு எல்லாரும் நெனச்சீங்க. அம்மா பக்கத்துல உக்காந்து, அழாத அழாதன்னு தொடைய கிள்ளிக்கிட்டே இருந்தாங்க. அழுகை வந்துச்சு, கட் பண்ணேன். எனக்கு தியா மேல கோவமா? அவ ஒருத்திதான்க்கா அவன பத்தி கேட்டா."

கடல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆயா கேட்டாளாம், புதுசா துணி எதாவது கொண்டாந்தீங்களாம்மா என்று. அம்மாவிடம் வேட்டித் துணி மட்டும் இருந்தது. வித்யா தன் பையின் அடியைக் காட்டினாள். யாருக்கும் தெரியாமல் தொப்பியை அவள் அதில் வைத்திருந்தாள். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அவளே போட்டுவிட்டாளாம்.

"ரொம்ப பெருசு. கண்ணு வரைக்கும் எறங்கிடுச்சு. நான் ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டேன். அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதோடதான் எடுத்துக்கிட்டு போனாங்க. அப்பாவும் அவரும். எங்கன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்கு சொல்லல. பொம்பளைங்க வரக்கூடாதாம். தெரிஞ்சா அங்க போய் உக்காந்துக்குவேனாம்."

அவளுடைய கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"யாருமே கேக்கலக்கா. ஆபீஸ்ல உடம்பு தேவலையான்னு கேக்கறாங்க. மாமியார் அடுத்தது எப்பன்னு கேக்கறாங்க. நீ தொப்பி. நான் அவன ஒரு மணி நேரம் கையில வெச்சிருந்தேன். அத பத்தி யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன். நீயாவது கேப்பன்னு பாத்தேன்."

இருபது மணி நேரம் எழுதித் திருத்தியதில் அந்தக் கேள்வி இல்லை. ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது தோன்றவில்லை. என் தப்பைச் சுற்றியே நான் வந்துகொண்டிருந்தேன்; அதற்குள் ஒரு முகம் இருந்ததை நான் பார்க்கவே இல்லை.

"எப்படி இருந்தான் வித்யா?" என்று கேட்டேன்.

அவள் மணலை ஒரு கைப்பிடி எடுத்து, விரல் வழியாக விட்டாள்.

"முடி நெறைய. கருகருன்னு, இன்னும் ஈரமா. காது அவர மாதிரி, மேல மடிஞ்சிருந்துச்சு. வெரல் எல்லாம் நீளம். நகம் கூட வளந்திருந்துச்சுக்கா, வெட்டணும் போல."

அப்போதுதான், நான் ஊருக்கு வந்த பத்து நாளில் முதல்முறையாக, அவள் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூக்கு மட்டும் அப்படியே உன்னுது" என்றாள்.